குழாய்ப் பித்தளையும் ஒரு திருவாசியும்

மேடம் எந்தச் சாம்பிளையும் சோதனைக்குப் போடுவதற்கு முன் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார். கட்டைவிரலால் தேய்த்து ஒருமுறை முகர்ந்தும் பார்ப்பார். பிறகு எனக்கு எண்கள் சொல்வார்.

"எழுதுங்க ரீ. துத்தநாகம் முப்பது. ஈயம் ரெண்டு. வெள்ளீயம் கிடையாது. மிச்சம் செம்பு."

நான் அதைப் பொட்டலத்தின் மேல் பென்சிலால் எழுத வேண்டும். லேபின் விதிகளில் இப்படி ஒன்று கிடையாது. இது மேடம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட வழக்கம். முதலில் ஊகம், அப்புறம் அமிலம், அப்புறம் கருவி. சாயங்காலம் உண்மையான எண்கள் வரும்போது பொட்டலத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சொன்னது சரியாக இருந்தால் "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். டிபன் டப்பாவைக் கழுவப் போய்விடுவார். தப்பாக இருந்தால்தான் விசேஷம். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, இரண்டு கையையும் ஒருமுறை தட்டி, "பாருங்க ரீ, எவ்வளவு தப்பு, வந்து பாருங்க" என்று கூப்பிடுவார். லாட்டரி விழுந்தவர் சீட்டைக் காட்டுகிற மாதிரி பொட்டலத்தைக் காட்டுவார்.

பெங்களூர் பீன்யாவில், தொழிற்சாலைகளுக்கு உலோகம் சோதித்துக் கொடுக்கும் ஒரு சின்ன லேப் அது. நான் அங்கே சாம்பிள் வெட்டுகிறவன். துளை போடுவது, அரத்தால் தேய்ப்பது, தூளைப் பொட்டலம் கட்டிப் பெயர் எழுதுவது, இதுதான் வேலை. பத்தாவது வரை படித்திருந்தேன். மேடம் அங்கே கெமிஸ்ட். அவருடைய தாத்தா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து மல்லேஸ்வரத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கன்னடக்காரர்கள் மரியாதைக்குச் சேர்க்கிற "ரீ" அவர் தமிழில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. முதலாளியும் ரீ, நானும் ரீ, டீ கொண்டுவருகிறவரும் ரீ.

குள்ளமான உருவம். காட்டன் புடவை, காலில் வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. புடவைத் தலைப்பில் அமிலம் தெறித்துச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கைப்பையில் குடையோடு ஒரு காந்தமும் விரல் நீள அரமும் எப்போதும் இருக்கும். பித்தளை என்று யாராவது எதையாவது காட்டினால் முதலில் காந்தம் வெளியே வரும். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு மட்டும்தான் என்று அர்த்தம். ஒட்டாவிட்டால் அரம் வரும். ஒரு கல்யாண மண்டபத்தில் வாசல் விளக்கின் அடியை அரத்தால் தேய்க்கப்போய், பெண் வீட்டாருக்கும் மண்டபத்துக்காரருக்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

என் வீட்டுக்கும் ஒருமுறை வந்தார். ஸ்ரீராமபுரத்தில் நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோய்ப் பால் காய்ச்சிய அன்று. என் மனைவிக்குத் தாய்வீட்டில் கொடுத்த பித்தளைக் குடம் ஒன்று உண்டு. அது அவளுடைய பாட்டி காலத்துக் குடம் என்பது அவளுக்குப் பெரிய பெருமை. மேடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் என் மனைவியிடம் கூச்சப்பட்டுக்கொண்டே, அடியில் கொஞ்சம், கண்ணுக்கே தெரியாது, ஸ்வல்பத்திலும் ஸ்வல்பம், தேய்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவளும் என்ன சொல்வதென்று தெரியாமல் சரி என்றுவிட்டாள். மேடம் தரையில் உட்கார்ந்து, குடத்தை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு தேய்த்தார். பழைய குடத்தில் ஈயம் இருக்கும், இரும்பு கொஞ்சம் இருக்கும், அந்தக் காலத்தில் கிடைத்ததையெல்லாம் போட்டு உருக்குவார்கள், இன்றைய தகடு மாதிரி சுத்தமாக இருக்காது என்று சொல்லி எண்களையும் எழுதச் சொன்னார்.

ரிசல்ட் வந்தபோது அதில் ஈயமும் இல்லை, இரும்பும் இல்லை. செம்பு அறுபத்துமூன்று, துத்தநாகம் முப்பத்தேழு. மில்லில் உருட்டிய நேற்றைய தகடு. நான் இதை வீட்டில் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இருந்தேன். மேடம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீராமபுரத்துக்கே வந்து, "உங்க குடத்துல நான் தோத்துட்டேன்ம்மா" என்று என் மனைவியிடம் மகிழ்ச்சியாகச் சொன்னார். அவள் முகம் சுண்டிப்போனது. உடனே ஆம்பூரில் இருக்கும் அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். மாமியார், பாட்டியுடைய குடம் ஒழுகியது, கல்யாணத்துக்கு முந்தின வாரம் கடையில் போட்டுப் புதுசு மாற்றினோம், உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை என்று ஒத்துக்கொண்டார். பதினோரு வருட ரகசியம். போனிலேயே அம்மாவும் பெண்ணும் சண்டை போட்டு, நடுவில் சிரிப்பு வந்து, சண்டையை மறந்தார்கள். அன்றிலிருந்து என் வீட்டில் மேடத்துக்கு அரக்காரம்மா என்று பெயர்.

லேபில் எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஒரு வால்வு கம்பெனிக்குப் போன ரிப்போர்ட்டில் மேடம் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் மாற்றிப் போட்டுவிட்டார். அவர்கள் கவனிக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பழைய தாள்களைப் புரட்டும்போது இவரே கண்டுபிடித்து, அவர்களுக்குப் போன் செய்து, "நான்தான் தப்பு பண்ணேன்" என்று சொல்லி வேறு ரிப்போர்ட் அனுப்பினார். முதலாளிக்குக் கோபமான கோபம். வாடிக்கையாளர் கேட்காத தப்பை நாமே ஏன் சொல்ல வேண்டும் என்று கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சத்தம் போட்டது எங்களுக்கெல்லாம் கேட்டது. மேடம் வெளியே வந்து, எதுவும் நடக்காததுபோல் அடுத்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

எனக்கு அவரைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும். நான் வேறு ஜாதி மனிதன். பள்ளிக்கூடத்தில் கணக்கு தப்பினால் எச்சில் தொட்டு அழித்துவிட்டு, வாத்தியார் பக்கத்தில் வருவதற்குள் நோட்டை மூடிவிடுவேன். பெரியவனான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை தவறாகக் கொடுத்தால்கூட இறங்கிப் போய்விடுகிறவன் நான்.

அந்த வருடம் தைப்பூசம் முடிந்து சில நாட்களில் அல்சூரிலிருந்து ஒரு தர்மகர்த்தா எங்கள் லேபுக்கு வந்தார். ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில் உள்ள சின்ன முருகன் கோவிலைப் பார்த்துக்கொள்கிறவர். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உற்சவ மூர்த்திக்குப் பின்னால் வளைவாக நிற்குமே திருவாசி, அது உடைந்துவிட்டது என்றார். ஊர்வலத்தில், சந்தின் குறுக்கே தாழ்வாகத் தொங்கிய இன்டர்நெட் கேபிள் திருவாசியில் மாட்டியிருக்கிறது. தூக்கியவர்கள் தெரியாமல் ஒரு அடி முன்னால் வைக்க, விளிம்பில் இருந்த நெருப்புச் சுடர்களில் ஐந்து ஒரே துண்டாக உடைந்து, மூடி இல்லாத சாக்கடைக்குள் விழுந்துவிட்டது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை.

உடைந்த திருவாசியைச் சாமிக்குப் பின்னால் வைக்கக் கூடாது. பங்குனி உத்திரத்துக்குள் அதை முழுசாக்க வேண்டும், இல்லையென்றால் உருக்கிவிட்டுப் புதிது செய்ய வேண்டும். கமிட்டியில் பாதிப் பேர் உருக்கச் சொல்கிறார்கள். பளபளவென்று புதுத் திருவாசி தருவதாக ஒரு பாத்திரக் கடைக்காரரும் சொல்லியிருக்கிறார். தர்மகர்த்தாவுக்கு மட்டும் மனசில்லை. "நான் தாலி கட்டினது அதுக்கு முன்னாலதாங்க" என்று மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். காமாட்சிபாளையத்து வார்ப்புக்காரர், என்ன கலவை என்று தெரியாமல் ஊற்றினால் நிறம் சேராது, புது இடம் துணியில் ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும் என்று கைவிரித்து, எங்களிடம் அனுப்பியிருந்தார்.

மேடத்துக்குப் பரம சந்தோஷம். ஒரு பழைய பித்தளை தானாகவே தேடிக்கொண்டு வந்திருக்கிறது. மறுநாளே நானும் அவரும் அல்சூர் போனோம்.

கோவிலின் பின்கட்டில் திருவாசி ஒரு கோரைப்பாயின் மேல் கிடந்தது. என் நெஞ்சு உயரம் இருக்கும். எண்ணெயும் புகையும் படிந்து கறுத்திருந்தாலும், துடைத்த இடத்தில் செம்மை கலந்த பொன் நிறம். மேடம் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "எழுதுங்க. துத்தநாகம் இருபது, ஈயம் ஒண்ணு" என்றார். பழைய காலத்தில் துத்தநாகத்தைத் தனியாகக் கலக்க மாட்டார்கள், செம்போடு துத்தநாகக் கல்லையும் கரியையும் மூசை என்கிற மண் உருக்குக் குடுவையில் போட்டு மூடிச் சூடாக்குவார்கள், அதன் ஆவி செம்புக்குள் ஏறும், கால்வாசிக்கு மேல் ஏறாது, அதனால்தான் பழைய பித்தளை இப்படிச் சிவந்து இருக்கும் என்று தர்மகர்த்தாவுக்கு விளக்கினார். தர்மகர்த்தாவின் கவலை முழுக்க என் கையில் இருந்த துளைக் கருவி மேல்தான். உடைந்த இடத்தில் இன்னொரு இரும்பு படக் கூடாது, பரிகாரம் செய்யும்வரை தொடவே கூடாது என்றார். கண்ணில் படும் எந்த இடமும் கூடாது. பீடத்தில் செருகும் காலில், பின்பக்கம், ஒரே ஒரு துளை. அவ்வளவுதான் அனுமதி.

மேலாகத் தேய்த்து எடுக்கவும் முடியாது. வருடக்கணக்காகப் புளி போட்டுத் தேய்த்ததில் மேல்தோலில் உள்ள துத்தநாகம் கரைந்து போயிருக்கும். முதலில் வரும் தூளைக் கொட்டிவிட்டு, ஆழத்தில் வருவதைத்தான் எடுக்க வேண்டும்.

அவர்கள் இரண்டு பேரும் காபி குடிக்கப் போனார்கள். நான் திருவாசியைக் கவிழ்த்துப் போட்டுத் துளை போட ஆரம்பித்தேன். சுருள் சுருளாக வந்தது, பென்சில் சீவின மாதிரி நீளமாக. மேலே வந்ததைத் தள்ளிவிட்டு அடுத்த சுருளை எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன். எண்ணெய் அழுக்கில் எது கால், எது வளைவு என்று தெரியாமல், நான் துளை போட்டுக்கொண்டிருந்தது காலுக்கு இரண்டு விரல்கடை மேலே, வளைவிலேயே.

அரிசி ஆழத்துக்கு ஒரு குழி. தர்மகர்த்தா பார்த்தால் அப்போதே துரத்திவிடுவார், முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். பக்கத்தில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை விரலால் வழித்துக் குழியை அடைத்தேன். சுருள்களைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு காலைத் துடைத்து, சரியான இடத்தில் துளை போட்டேன். இந்தத் தடவை சுருள் வரவில்லை. ரவை ரவையாகக் கொட்டியது. ஈயம் நிறைய இருந்தால்தான் அப்படிக் கொட்டும். தினம் துளை போடுகிறவனுக்கு அது தெரியாமல் போகாது. எனக்கும் தெரிந்தது. அவர்கள் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. ரவையைப் பொட்டலம் கட்டி மேடத்திடம் கொடுத்துவிட்டேன்.

ரிசல்ட்டில் துத்தநாகம் முப்பத்தாறு, ஈயம் மூன்று. மேடம் கை தட்டிய சத்தத்தில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இருபதுன்னு சொன்னேன், முப்பத்தாறு ரீ. என் சர்வீஸ்லயே இவ்வளவு தப்பினதில்லை. குழாய்க்கு ஊத்துற கலவை மாதிரியில்ல இருக்கு."

மூசைக் கதையையும் கால்வாசிக் கணக்கையும் அவரே ஒதுக்கி வைத்தார். இது நினைத்ததைவிடப் பிந்திய காலத்துத் திருவாசியாக இருக்கலாம், புளியால் மேல்தோல் சிவந்திருக்கும், உள்ளே மஞ்சள்தான் என்று புதிதாக ஒரு விளக்கம் சொன்னார். தப்பானதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த சாம்பிளை வெட்டினேன்.

அந்தக் கணக்குப்படி வார்ப்புக்காரர் ஐந்து சுடர்களை ஊற்றினார். பழைய குழாய்களும் கொஞ்சம் செம்பும் போட்டு உருக்கியது. ஆறியதும் தேய்த்து, திருவாசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எலுமிச்சம் பழத்தோல் மஞ்சள். பழைய சுடர்களோ சிவப்பிலிருந்து பொன்னுக்குள் போகிற நிறத்தில் அப்படியே நின்றன. ஒரு பழைய சுடரைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள், உள்ளேயும் அதே பொன் நிறம்தான். புளி விளக்கம் அங்கேயே செத்துப்போனது. மறுநாள் தர்மகர்த்தா போன் செய்து, கமிட்டி முடிவு செய்துவிட்டது, திங்கட்கிழமை உருக்கக் கொடுக்கிறோம், இனிமேல் யாரும் அதில் துளை போட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மேடம் அன்று மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. ரிசல்ட் தாளையும் பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தப்பு எங்கே என்று தெரியாத தப்பு அவருக்கு வந்து நான் பார்த்ததில்லை. அந்த முகம் எனக்குப் பழக்கமில்லாத முகம்.

சுருள் பொட்டலம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிக்கொண்டே வந்திருந்தேன், தூக்கிப் போட மனசு வராமல். அவரிடம் போய் நின்று சொல்லலாம் என்று இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் கைகழுவும் தொட்டிவரை போய்விட்டுத் திரும்பினேன். வாய் வராது என்று தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தேன். புதுப் பொட்டலம் எடுத்துச் சுருளை அதில் போட்டு, எல்லாச் சாம்பிளுக்கும் எழுதுவதுபோல் எழுதினேன். பொருள்: திருவாசி. இடம்: வளைவின் பின்பக்கம், காலுக்கு மேல். எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். குறிப்பு என்ற இடத்தில், கால் வேறு உலோகம், ரவையாக வந்தது, அன்றே தெரியும் என்று எழுதினேன். அதை அவருடைய தட்டில் வைத்துவிட்டு வந்து, என் மேஜையில் அரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன்.

அவர் பொட்டலத்தைப் படிப்பது எனக்குத் தெரிந்தது. நான் நிமிரவில்லை. ஸ்போர்ட்ஸ் ஷூ என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"துளை போட்டுட்டீங்களா, வளைவுல?"

"போட்டுட்டேன் மேடம்."

"எத்தனை நாளா பையில வெச்சிருக்கீங்க?"

"மூணு வாரம்."

"கால் பிற்பாடு யாரோ ஒட்டினது. ஹௌதா?"

"அப்படித்தான் தோணுது மேடம். ரவையாக் கொட்டிச்சு."

பிறகு அவர் இரண்டு கையையும் தட்டினார். நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"குழாய்க் கலவைன்னு என் வாயாலேயே சொன்னேன் ரீ. யாரோ உடைஞ்ச காலுக்குக் குழாயை உருக்கி ஊத்தியிருக்கான். தப்பாயிட்டோம்ங்கற குஷியில சாம்பிள் எங்கேருந்து வந்ததுன்னு உங்களைக் கேக்கவே இல்லை பாருங்க."

என்னைத் திட்டவில்லையா என்றால், திட்டினார். அதற்கு அரை நிமிடம்தான் ஆனது. இனிமேல் ரவை விழுந்தால் ரவை என்று கத்த வேண்டும், நான் பிரதம மந்திரியோடு பேசிக்கொண்டிருந்தாலும் கத்த வேண்டும் என்றார். பிறகு சுருளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் ரிசல்ட்டில் துத்தநாகம் இருபத்தொன்று. அதைப் பார்த்ததும், "அய்யோ, நான் முதல்ல சொன்னதேதானா" என்று மேடத்தின் முகம் வாடியதை நான் சத்தியமாகப் பார்த்தேன். கீழே இருந்த வரிகளைப் படித்ததும்தான் தெளிந்தது. வெள்ளீயம் ஒன்றரை. அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. உடைந்த வெண்கலம் ஏதோ சேர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில், வெள்ளி. உருக்கும்போது யாரோ ஒரு பெண் தன் நகை எதையோ மூசைக்குள் போட்டிருக்கிறாள் என்றார் மேடம். அந்த ஒரு வரியைப் பலமுறை படித்தார்.

சனிக்கிழமை அல்சூர் போனோம். துளையை யார் போட்டது என்று சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்க நினைத்திருந்தேன். மேடம் தர்மகர்த்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் லேப் அனுமதி இல்லாமல் உங்கள் வளைவில் ஒரு துளை போட்டது, மூடி மறைத்தது, தப்பான ரிப்போர்ட் கொடுத்தது, கையெழுத்து என்னுடையது என்றார். தர்மகர்த்தா சிவந்துபோய்த் திருவாசியைக் கவிழ்த்துத் தடவித் தேடினார். குழி கிடைத்ததும் அதில் சுண்டு விரல் நகத்தை வைத்துப் பார்த்தார்.

"இந்தத் துளை இல்லைன்னா திங்கக்கிழமை இது உருகியிருக்கும் சார்" என்றார் மேடம். "இன்னும் ஒரு தடவை ஊத்தறோம். சேரலைன்னா நானே கூட வந்து உருக்கக் கொடுக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். அதன் முன்னால் தாலி கட்டின மனுஷன். சரி என்றார், பரிகாரத்துக்கும் நாள் பார்க்கச் சொன்னார்.

இப்போது கடையில் வாங்கும் எந்தப் பித்தளையும் அந்தக் கலவை இல்லை. இருப்பதை வைத்துச் சேர்க்க வேண்டும். மேடம் தாளில் கணக்குப் போட்டார். கரண்ட் கம்பியின் செம்பு இவ்வளவு, பாத்திரத் தகடு வெட்டிய மிச்சம் இவ்வளவு, உடைந்த வெண்கலத் தாளம் ஒன்று, ஈயத்துக்கு ஒரு சின்னக் குழாய்த் துண்டு. உருகும்போது துத்தநாகம் கொஞ்சம் புகையாகப் போய்விடும், அதற்குக் கூடுதலாக ஒரு கை. காமாட்சிபாளையத்துக் கொட்டகையில் மூசையைத் திறந்தபோது அந்த வெள்ளைப் புகை பஞ்சு மாதிரி பறந்து எங்கள் தலையிலெல்லாம் உட்கார்ந்தது. வார்ப்புக்காரர் ஊற்றப்போனார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். வெள்ளி போடவில்லையே என்றார். அது நிறத்துக்கு ஒன்றும் செய்யாது மேடம், விடுங்க என்றார் வார்ப்புக்காரர். ரிசல்ட்டில் இருக்கிறது, போட வேண்டும் என்று சொல்லிவிட்டு மேடம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸுக்குள் கொலுசு. இத்தனை வருடம் கூட வேலை பார்த்தும் அது எங்களுக்குத் தெரியாது. பல்லால் கடித்து இரண்டு மணிகளைப் பிய்த்து மூசைக்குள் போட்டார். வார்ப்புக்காரர் சிரித்துக்கொண்டே ஊற்றினார்.

ஐந்து சுடரையும் அரம் போட்டுச் சீராக்கியது நான்தான். மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து செய்தேன். வார்ப்புக்காரர் உடைந்த விளிம்பில் சேர்த்து ஒட்டி, மெருகேற்றினார்.

உத்திரத்தன்று சாயங்காலம் கோவிலில் நிற்க இடம் இல்லை. என் மனைவியும் வந்திருந்தாள். உற்சவருக்குப் பின்னால் திருவாசி முழு வளைவாக நின்றது. கற்பூரம் காட்டியபோது விளிம்பில் எல்லாச் சுடர்களும் ஒரே நிறத்தில் எழுந்தன. கமிட்டிக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். உருக்கச் சொன்னவர்களில் ஒருவர், மேலே இருப்பதுதான் புதுசு என்றார், இன்னொருவர் இடது பக்கம் என்றார். தர்மகர்த்தாவுக்கும் தெரியவில்லை. ஒட்டும்போது அவர் பார்க்க மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்; பாயில் கவிழ்ந்து கிடந்தபோது பார்த்த உடைசல், நிமிர்ந்து நின்றதும் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் குழம்பிவிட்டது. கூட்டத்துக்கு மேலே மேடத்தைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கம்மா, எது நம்ம புதுசு?" என்று கேட்டார்.

எல்லோரும் திரும்பினார்கள். மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு ரொம்ப நிச்சயமாகக் கையை நீட்டி, வலது பக்கம் கீழேயிருந்து ஐந்து சுடர்களைக் காட்டினார்.

அது பழசு. புதுசு அதற்கு மேலே ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு சுடரின் வளைவும் என் விரலுக்குத் தெரியும். தர்மகர்த்தா தலையாட்டிக்கொண்டிருந்தார், மற்றவர்களும் ஆட்ட ஆரம்பித்தார்கள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம்.

"தப்பு மேடம்" என்றேன்.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. குருக்கள் கற்பூரத் தட்டோடு திரும்பிப் பார்த்தார். என் மனைவி என் கையைப் பிடித்தாள். அத்தனை பேர் நடுவில் நான் கையைத் தூக்கி, "அதுக்கு மேல இருக்கிற அஞ்சு" என்றேன்.

மேடம் திருவாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், குருக்களும் சேர்ந்து சிரித்துவிட்டார்.